அத்தியாயம் 6: தூரம் பார்க்கும் கேமராவுக்குக் கம்பம் நடுதல்

கேமரா வாங்கப் போகிற இறால் பண்ணைக்காரர் கடையில் முதலில் கேட்பது, "இது எத்தனை மீட்டர் வரைக்கும் எடுக்கும்?" என்றுதான். கடைக்காரர் பெட்டியைத் திருப்பி, அதில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் காட்டுவார். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது ஆடாமல் நிற்கும் கேமராவுக்கான எண். கீழையூரிலோ தலைஞாயிற்றிலோ வேதாரண்யத்திலோ, குளக்கரைக் கம்பத்தின் உச்சியில் வாடைக்காற்றை வாங்கிக்கொண்டு நிற்கும் கேமரா எத்தனை மீட்டர் பார்க்கும் என்பதைக் கம்பமும் அதன் அடித்தளமும்தான் முடிவு செய்யும்.

இந்த அத்தியாயத்தில் ஓர் உதாரணப் பண்ணையை வைத்துக்கொள்வோம். கரை நெடுக 300 மீட்டர் நீளம். ஒரு முனையில் மோட்டார் கொட்டகை, மறுமுனையில் மதகு. அறுவடை நெருங்கும் நாட்களில் மதகுப் பக்கம் யார் வந்தார்கள் என்று தெரிய வேண்டும். ஏரேட்டர் மோட்டாரும் கேபிளும் காணாமல் போகக் கூடாது. கேமரா கொட்டகைப் பக்கம் 6 மீட்டர் உயரத்தில் நிற்கப்போகிறது. நெல் வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் உப்பளத்துக்கும் இதே முறைதான். அளவுகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் தூரக் கணக்கு

"தெரியும்" என்பதில் பல படிகள் உண்டு. கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.இ.சி. 62676-4, தன் 2014 பதிப்பில் இதைப் பிக்சல் கணக்கில் பிரித்தது. காட்சியின் அகலத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 25 பிக்சல் இருந்தால் ஆள் நடமாட்டம் இருப்பது தெரியும். 125 பிக்சல் இருந்தால், ஏற்கெனவே பழகிய ஆளா இல்லையா என்று சொல்லலாம். 250 பிக்சல் இருந்தால்தான் முன்பின் தெரியாத ஒருவரை முகம் வைத்து அடையாளம் காட்ட முடியும்.

4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2,560 பிக்சல் அகலம் கொண்டது. இதை 250-ஆல் வகுத்தால் சுமார் 10 மீட்டர் வரும். அதாவது 300 மீட்டர் தள்ளியிருக்கும் மதகில் முகம் தெரிய வேண்டுமானால், அந்த இடத்தில் கேமரா 10 மீட்டர் அகலத்தை மட்டுமே பார்க்க வேண்டும். அதற்கு லென்ஸின் பார்வைக் கோணம் சுமார் 2 டிகிரியாகச் சுருங்க வேண்டும். இதை ஆப்டிகல் ஜூம் மட்டுமே செய்யும். டிஜிட்டல் ஜூம் இருக்கிற பிக்சலைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர, புதிதாக எதையும் காட்டாது.

ஆள் வந்ததா இல்லையா என்பது மட்டும் போதுமானால், அதே கேமரா 100 மீட்டர் அகலத்தை ஒரே பார்வையில் வைத்துக்கொள்ளலாம். ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த இடத்தில் முகம் வேண்டும், எந்த இடத்தில் நடமாட்டம் போதும். பெரும்பாலான பண்ணைகளில் முகம் தேவைப்படும் இடம் மதகு, வண்டிப் பாதை என ஒன்றிரண்டுதான். அந்த இடங்களுக்குப் பக்கத்திலேயே சாதாரணக் கேமரா ஒன்றை வைக்க முடிந்தால், தூரக் கேமராவின் வேலையும் செலவும் பாதியாகிவிடும்.

வெயில் நேரத்துக் கானலையும் கணக்கில் சேருங்கள். சித்திரை, வைகாசியில் நண்பகலில் காய்ந்த கரைமீது சூடான காற்று நெளியும்போது, எவ்வளவு விலை கொடுத்த லென்ஸானாலும் இருநூறு மீட்டருக்கு அப்பால் விளிம்புகள் குழையும். கேமராவை உயர்த்தினால் இது கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. இரவிலும் காலையிலும் படம் தெளிவாக இருந்தால் காவலுக்குப் போதும்.

2. ஆட்டம்

2 டிகிரிப் பார்வையில் கம்பத்தின் உச்சி அரை டிகிரி சாய்ந்தால், படம் கால்வாசி நகர்ந்துவிடும். தூண்டில்காரர் மணிக்கட்டை அசைப்பது கழியின் நுனியில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அதே மாதிரிதான் இதுவும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சந்தையில் மலிவாகக் கிடைப்பது இரண்டு அங்குல ஜி.ஐ. குழாய், வெளி விட்டம் 60 மி.மீ. அதை 6 மீட்டருக்கு நிறுத்தி உச்சியில் கேமராவை மாட்டுகிறோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், 300 மீட்டர் தூரத்தில் பார்வை ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மீட்டர் விலகும். மொத்தக் காட்சியே 10 மீட்டர்தான் என்பதை மறக்க வேண்டாம். காற்று விட்டு விட்டு அடிக்கும்போது படம் அங்கும் இங்கும் ஊசலாடும். இரவில் கேமரா ஒளியைச் சேர்க்க ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைப்பதால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றல்தான் பதிவாகும். இன்னொரு தொல்லையும் உண்டு. படம் முழுவதும் அசைவதால் 'அசைவு கண்டேன்' என்று கைப்பேசிக்கு இரவெல்லாம் எச்சரிக்கை வந்துகொண்டிருக்கும். ஒரு வாரத்தில் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள்.

அதே இடத்தில் நாலு அங்குல பி கிளாஸ் குழாயை நிறுத்தினால் விலகல் ஓர் அடிக்குள் அடங்கும். இதன் வெளி விட்டம் 114 மி.மீ., சுவர்க் கனம் 4.5 மி.மீ. விட்டம் இரண்டு மடங்குதான் கூடியிருக்கிறது. வளையாமல் நிற்கும் திறன் ஒன்பது மடங்கு கூடிவிட்டது. குழாயின் விறைப்பு விட்டத்தோடு அவ்வளவு வேகமாக ஏறும். எனவே நம் உதாரணப் பண்ணைக்கு நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குழாய் 6 மீட்டர் நீளத்தில் முழுசாகவே வருகிறது. ஒட்டுப் போட்ட குழாய் வேண்டாம். பி கிளாஸுக்கு நீலப் பட்டை, சி கிளாஸுக்குச் சிவப்புப் பட்டை போட்டிருப்பார்கள். மஞ்சள் பட்டை போட்ட ஏ கிளாஸ் இந்த வேலைக்கு ஆகாது.

"இரண்டு அங்குலத்தையே போட்டு மூன்று பக்கம் ஸ்டே கம்பி இழுத்துவிடலாமே" என்று வெல்டிங் பட்டறையில் சொல்வார்கள். ஆட்டம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கரையில் ஆளும் மாடும் தீவன வண்டியும் போகிற வழியில் ஸ்டே கம்பி இருந்தால், என்றைக்காவது ஒருவர் இடறுவார், அல்லது யாராவது அவிழ்த்துவிடுவார்கள். வயலில் அறுவடை எந்திரம் திரும்பும்போதும் அதுதான் நடக்கும்.

3. நாகைக் காற்று

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் அடித்த காற்றில் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் போயின. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 1952, 1977 ஆண்டுகளின் நவம்பர்ப் புயல்களும் இதே கரையைத்தான் தாக்கின. இந்த ஊரில் நடுகிற கம்பம் புயலைப் பார்க்காமல் இருக்கப்போவதில்லை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காகும். கட்டுமானங்களில் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அது சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வைத்திருக்கும் அடிப்படை வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. நாகைக் கரைக்கும் அதையே வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. அந்த வேகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 150 கிலோ விசை விழும்.

இதை நம் கம்பத்தில் வைத்துப் பாருங்கள். அடித்தளத்தைப் புரட்டப் பார்க்கும் விசையை 'கிலோ மீட்டர்' கணக்கில் (கிலோவில் விசை, மீட்டரில் உயரம், இரண்டின் பெருக்கல்) சொன்னால், குழாய்மீது படும் காற்றால் ஏறக்குறைய 250, கேமராவால் 45. மொத்தம் 300 என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது அதே உச்சியில் 100 வாட் சோலார் பலகை ஒன்றை மாட்டுங்கள். அதன் பரப்பு சதுர மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அதன்மீது மட்டும் நூறு கிலோ விசை. 6 மீட்டர் உயரத்தில் அது 600. ஒரே பலகையால் மொத்தச் சுமை மூன்று மடங்காகி 900-க்குப் போய்விட்டது. குழாயும் வளையும் எல்லைக்குக் கிட்டே வந்துவிடும்.

ஆகவே விதி இது: தூரக் கேமராக் கம்பத்தின் உச்சியில் சோலார் பலகை வைக்காதீர்கள். மோட்டார் கொட்டகையின் கூரையில் வையுங்கள். கொட்டகை இல்லையென்றால் தரையை ஒட்டித் தனிச் சட்டம் அடித்து வையுங்கள். கேபிளுக்கு ஆகும் செலவு, பெரிய அடித்தளத்துக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

4. இடம் தேர்வு

குளக்கரையின் உள்சரிவில் கம்பம் கூடாது. ஏரேட்டர் கிளப்பும் அலை அந்தச் சரிவைத்தான் முதலில் அரிக்கும். இரண்டு கரைகள் சந்திக்கும் மூலையில் கரை அகலமாக இருக்கும். விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் உள்ளே வையுங்கள். கரை ஒடுக்கமானால் கரையை விட்டுவிட்டு, கொட்டகைக்குப் பக்கத்தில் தட்டுத்தரையில் நடுங்கள்.

மேலே பாருங்கள். மின்கம்பி போகிறதா? கம்பத்தின் உயரத்தோடு 3 மீட்டர் கூட்டி, அந்தத் தூரத்துக்குள் எந்த மின்கம்பியும் இருக்கக் கூடாது. 6 மீட்டர் இரும்புக் குழாயை நிமிர்த்தும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. 11,000 வோல்ட் கம்பியில் குழாய் பட்டால், அதைப் பிடித்திருக்கும் அத்தனை பேரும் போய்விடுவார்கள். மின்வாரியத்தின் கம்பத்திலேயே கேமராவைக் கட்டுவது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து.

வாய்க்கால் கரையும் ஆற்றங்கரையும் நீர்வளத்துறை இடம். உங்கள் கரை எது, புறம்போக்கு எது என்று அளந்து தெரிந்துகொள்ளுங்கள். கடலை ஒட்டிய நிலமானால், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்று கான்கிரீட் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

திசையும் முக்கியம். கிழக்கு பார்த்த கேமரா காலைச் சூரியனையும், மேற்கு பார்த்த கேமரா மாலைச் சூரியனையும் நேரே பார்க்கும். குளத்து நீர் அந்த வெளிச்சத்தை இன்னொரு தடவை திருப்பி அடிக்கும். முடிந்தவரை வடக்கு பார்க்க வையுங்கள். சித்திரை முதல் ஆவணி வரை தவிர, மற்ற மாதங்களில் வெயில் முதுகுப் பக்கம் விழும்.

வேலைக்கு ஏற்ற காலம் மாசி முதல் சித்திரை வரை. தை அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும், நிலத்தடி நீர் கீழே இறங்கியிருக்கும், ஜல்லி ஏற்றிய வண்டி இடத்துக்கே வரும். ஐப்பசியில் தொடங்கினால் குழி வெட்ட வெட்டத் தண்ணீர்தான் வரும்.

5. அடித்தளம்

டெல்டா மண் களிமண். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் குழையும். மண்ணின் பிடியை நம்பிக் கம்பத்தைப் புதைப்பது இங்கே சரிவராது. கான்கிரீட்டின் எடையை நம்ப வேண்டும்.

நம் கம்பத்துக்கு 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் கொண்ட கட்டை போதும். அதன் எடை 3,600 கிலோ. புரட்டும் விசைக்கு எதிராக அது தரும் பிடி 1,800. ஆனால் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது, தண்ணீரில் மூழ்கிய கான்கிரீட் தன் எடையில் பத்தில் நாலு பங்கை இழக்கும். புயல் வருவதும் அதே காலத்தில்தான். அப்போது பிடி 1,050 ஆகக் குறையும். பலகை இல்லாத கம்பத்தின் 300-ஐ அது மூன்று மடங்குக்கு மேல் தாங்கும். பலகை வைத்த கம்பத்தின் 900-க்கு அது ஏறக்குறைய சரிக்குச் சரி. பாதுகாப்பு மிச்சமே இல்லை. முன்பு சொன்ன விதிக்கு இதுதான் காரணம்.

குழி வெட்டியதும் ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, அடியில் 10 செ.மீ. கனத்துக்குக் கம்பி இல்லாத கான்கிரீட் (பி.சி.சி.) போடுங்கள். பக்கங்கள் சரிந்தால் பலகை அடையுங்கள். தண்ணீர் நிற்கும் குழியில் கலவையைக் கொட்டினால் சிமெண்ட் பிரிந்துபோய், ஜல்லிதான் மிச்சமாக நிற்கும். மேலும் கீழும் 12 மி.மீ. கம்பியை 15 செ.மீ. இடைவெளியில் வலையாகக் கட்டுங்கள். மண்ணுக்கும் கம்பிக்கும் நடுவே 75 மி.மீ. கான்கிரீட் இருக்கும்படி கவர் பிளாக் வையுங்கள். செங்கல் துண்டை அணை கொடுக்காதீர்கள். அது உப்பு நீரை உறிஞ்சிக் கம்பிவரை கொண்டுபோகும்.

கலவை 1:1:2 விகிதம். இந்தக் கட்டைக்கு 16, 17 மூட்டை சிமெண்ட் ஆகும். மூட்டைக்கு 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் விடக் கூடாது. கலவை இளக்கமாக இருந்தால் கொத்தனாருக்கு வேலை சுலபம், கான்கிரீட்டுக்குக் கேடு.

இறால் பண்ணையில் பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் இதுதான்: தண்ணீர். பத்தடி தூரத்தில் குளம் நிறையத் தண்ணீர் இருக்கும்போது லாரித் தண்ணீருக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று தோன்றும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு விடும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. கடல்நீரில் அது சுமார் 19,000. குளத்து நீர் கடல்நீரில் பாதி உப்பு என்று வைத்தாலும், அனுமதித்த அளவைப்போல் இருபது மடங்கு ஆகிறது. அந்த உப்பு உள்ளே இருக்கும் கம்பியைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். கலக்குவதற்கும், பிறகு ஈரம் காப்பதற்கும் நல்ல தண்ணீரே வேண்டும். கடற்கரை மணலுக்கும் இதே தடைதான்.

கட்டையின் மேல்பகுதியைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, மழைநீர் வழிந்தோடும்படி நாலு பக்கமும் சரிவு கொடுங்கள். கம்பம் துருப்பிடித்து ஒடிவது பெரும்பாலும் மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்தக் கோட்டில்தான்.

6. ஆங்கர் போல்ட்டும் நிமிர்த்துவதும்

20 மி.மீ. தடிமன், 75 செ.மீ. நீளம், அடியில் கொக்கி வளைத்த நாலு ஆங்கர் போல்ட் தேவை. கம்பத்தின் அடியில் 30 செ.மீ. சதுரம், 16 மி.மீ. கனத்தில் பேஸ் பிளேட்டும், அதற்கும் குழாய்க்கும் நடுவே நாலு முக்கோண முட்டுத் தகடுகளும் பற்ற வையுங்கள். கதவுக்கும் கிரில்லுக்கும் வைப்பதுபோல் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்தால் ஆகாது. சுற்றிலும் இடைவெளி விடாமல் வெல்டிங் ஓட வேண்டும்.

போல்ட்களைக் கலவையில் குத்துமதிப்பாகச் செருகிவிட்டுப் பிறகு பிளேட்டைப் பொருத்தப் பார்த்தால் துளைகள் சேராது. பேஸ் பிளேட்டின் துளைகளை அப்படியே பிளைவுட்டில் எடுத்து, அந்த அச்சில் நாலு போல்ட்டையும் மாட்டி, கம்பிக்கூட்டோடு கட்டிவிட்டு, அதன் பிறகே கலவையை இறக்குங்கள். வெளியே நிற்கும் மரைகளில் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகிவிட்டால் சிமெண்ட் ஒட்டாது.

பதினான்கு நாள் ஈரச் சாக்குப் போட்டு நனைத்து வையுங்கள். 28 நாளுக்கு முன் கம்பத்தை ஏற்றாதீர்கள்.

6 மீட்டர் குழாய் பேஸ் பிளேட்டோடு சேர்த்து 90 கிலோவை நெருங்கும். நாலு ஆள், இரண்டு கயிறு, ஒரு முக்காலி வேண்டும். கேமரா பிராக்கெட்டையும் கேபிளையும் கீழே கிடக்கும்போதே மாட்டிவிடுங்கள். கேமராவை மட்டும் பிறகு ஏற்றலாம். ஒவ்வொரு போல்ட்டிலும் பிளேட்டுக்கு அடியில் ஒரு நட்டும் வாஷரும், மேலே ஒரு வாஷரும் இரண்டு நட்டும் வர வேண்டும். அடி நட்டுகளைத் திருகித்தான் கம்பத்தை நேராக்குவது. குண்டுநூலை இருபது அடி தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூலும் கம்பத்தின் விளிம்பும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகிறதா என்று பாருங்கள். பிறகு கால்வட்டம் நடந்து, பக்கவாட்டிலிருந்து இன்னொரு முறை பாருங்கள். ஒரு பக்கம் நேரானதும் மறுபக்கம் கொஞ்சம் விலகும். இரண்டும் சேரும்வரை கால் திருகு, அரைத் திருகு என்று சரிசெய்யுங்கள். சேர்ந்ததும் மேல் நட்டை இறுக்கி, அதன்மேல் லாக் நட்டைப் போடுங்கள். பிளேட்டுக்கு அடியில் உள்ள இடைவெளியைச் சுருங்காத கிரவுட் கலவையால் அடைத்து, உள்ளே சேரும் நீர் வடிய ஒரு சிறு துளை மட்டும் விடுங்கள்.

7. உப்புக் காற்று

வெல்டிங் முழுவதும் முடிந்த பிறகே கம்பத்தைச் சூட்டுக் குளியலில் துத்தநாகம் பூச அனுப்புங்கள். பட்டறையில் "ஹாட் டிப்" என்று சொன்னால் புரியும். ஜி.ஐ. குழாயில் வெல்டிங் செய்தால் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். உப்புக் காற்று முதலில் அங்கேதான் வேலையைக் காட்டும். அனுப்ப வசதியில்லையென்றால், ஒட்டுகளைத் துலக்கி ஜிங்க் பிரைமர் இரண்டு கோட்டும் அதன்மேல் எபாக்ஸியும் அடியுங்கள்.

கிளாம்ப், யூ போல்ட், திருகு எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 ரகம் கடலிலிருந்து தள்ளியிருக்கும் வயலுக்குப் போதும். அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்கும் குளக்கரைக்கும் தாங்காது. கேமராவின் அலுமினிய உடலும் ஸ்டீல் திருகும் நேராகத் தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவே நைலான் வாஷர் போடுங்கள்.

கேபிள் எந்தப் பெட்டிக்குள் போனாலும் அடிப்பக்கமாகவே நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, வளைத்து மேலே கொண்டுபோங்கள். கேபிளோடு ஓடிவரும் மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது. பெட்டியிலும் கேமராவிலும், தூசியும் தண்ணீரும் புகாது என்பதைக் காட்டும் ஐ.பி. 66 என்ற குறியாவது இருக்க வேண்டும்.

8. கரண்ட், கேபிள், இடி

நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் கொடுக்கும் பி.ஓ.இ. முறைக்கு எல்லை 100 மீட்டர். அதற்கு மேல் போனால் ஃபைபர் இழுங்கள், அல்லது வயர்லெஸ் பிரிட்ஜ் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி 2018 முதல் உரிமம் இல்லாமலே பயன்படுத்தக் கிடைக்கிறது. பிரிட்ஜின் இரு முனைகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும்; குறுக்கே சீமைக்கருவேலம் வளர்ந்தால் சிக்னல் குறையும்.

சோலார் என்றால்: அசையாத கேமரா 8 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 வாட்-மணி. 100 வாட் பலகையும், 12 வோல்ட் 50 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் இருந்தால், கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் ஓடும். சுற்றித் திரும்பும் பி.டி.இசட். கேமரா 20 வாட் எடுக்கும்; அதற்கு இரண்டரை மடங்கு வேண்டும்.

தட்டையான வயல்வெளியில் உயரமாக நிற்கும் இரும்பு உங்கள் கம்பம்தான். இடி அதைத்தான் தேடும். 3 மீட்டர் நீளமுள்ள, செம்பு பூசிய எர்த் கம்பியை அடித்து, ஜி.ஐ. பட்டையால் கம்பத்தோடு இணையுங்கள். உப்பு மண்ணில் எர்த் நன்றாகக் கிடைக்கும்; ஆனால் சாதாரண இரும்புக் கம்பி சீக்கிரம் கரையும். செம்புக் கேபிள் ஓடினால், மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் செர்ஜ் புரொடக்டர் இரண்டு முனையிலும் தேவை. ஃபைபர் இழுத்தால் மின்னல் அந்த வழியே கொட்டகைக்கு வராது. வானம் இருட்டி இடி முழங்கும்போது கம்பத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.

9. கேமராவைத் திருப்பும்போது

உச்சியில் பறவை உட்காராதபடி நாலு கம்பி முள் வையுங்கள். நெல் வயலில் பறவை உட்கார டி வடிவக் குச்சி நட்டு வைப்பது வழக்கம். கேமராக் கம்பம் அதைவிட வசதியான இருக்கை. எச்சம் கண்ணாடியில் வழிந்தால் படம் போயிற்று. சிலந்தியும் வரும். லென்ஸ் முன் ஓர் இழை இருந்தாலே, இரவில் இன்ஃப்ராரெட் ஒளி அதில் பட்டுப் படம் வெளுக்கும்.

கடற்கரைப் பக்கம் வெள்ளை ஃபோகஸ் விளக்கு வேண்டாம். நாகைக் கரையில் ஜனவரி முதல் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்குப் பதிலாகத் தரைப் பக்கம் போய்விடும். இன்ஃப்ராரெட் போதும்.

பக்கத்து வீட்டுக் கொல்லை, ஆற்றுப் படித்துறை, பெண்கள் ஒதுங்கும் இடம் எதுவும் பார்வையில் விழக் கூடாது. 2 டிகிரி லென்ஸ் முன்னூறு மீட்டரிலிருந்தும் முகத்தைக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். பெண்களின் அந்தரங்கத்தைப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்கீழ் குற்றம். திரும்பும் கேமராவில் அந்த இடங்களைக் கறுப்பாக மறைக்கும் வசதி உண்டு. முதல் நாளே அமைத்துவிடுங்கள். பண்ணையில் வேலை செய்பவர்களிடம் கேமரா இருப்பதைச் சொல்லி, அறிவிப்புப் பலகையும் மாட்டுங்கள்.

10. கூண்டு ஏறினால்

நாகை துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் செய்தியையே உங்கள் கால அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் எண் கூண்டு ஏறியதும் சோலார் பலகையைக் கழற்றி உள்ளே வையுங்கள், நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். ஐந்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால் கேமராவையும் இறக்கிவிடுங்கள். காற்று தொடங்கிய பிறகு ஏணி வைக்கக் கூடாது. இதற்காகவே சிலர் அடியில் கீல் வைத்த மடக்குக் கம்பம் செய்கிறார்கள். பராமரிப்புக்கு அது வசதிதான்; கீலில் ஒரு நூல் ஆட்டம் இருந்தாலும் தூரப் படம் ஆடும் என்பதால், நிமிர்த்திய பின் நாலு போல்ட்டாலும் இறுக்கியே ஆக வேண்டும்.

மற்ற நாட்களில் வேலை குறைவு. மாதம் ஒரு முறை மென்துணியும் நல்ல தண்ணீரும் கொண்டு கண்ணாடியைத் துடையுங்கள். உப்புப் படிவைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். புரட்டாசியில், மழைக்கு முன், அடிப்பகுதித் துரு, லாக் நட்டு, எர்த் இணைப்பு, செர்ஜ் புரொடக்டர் நாலையும் பாருங்கள். தை முடிந்ததும் குண்டுநூலைப் பிடித்துக் கம்பம் இன்னும் நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.

11. பணம் குறைவாக இருந்தால்

எதைக் குறைக்கலாம் என்று ஒரு வரிசை உண்டு. முதலில் கேமராவின் விலையைக் குறையுங்கள்: திரும்பும் கேமராவுக்குப் பதில் அசையாத கேமரா, 8 மெகாபிக்சலுக்குப் பதில் 4. அடுத்து தூரத்தைக் குறையுங்கள்: 300 மீட்டரில் முகம் தெரிய வேண்டாம், 100 மீட்டரில் தெரிந்தால் போதும். அதற்கடுத்து உயரத்தைக் குறையுங்கள்: 6 மீட்டர் 4 ஆனால் ஆட்டம் பாதிக்கும் கீழே போய்விடும், கலவையும் குறையும். குழாயின் விட்டத்திலும், கட்டையின் எடையிலும், நல்ல தண்ணீரிலும் கை வைக்காதீர்கள். கேமரா சில வருடங்களில் பழையதாகும். அப்போது புதியதை அதே பிராக்கெட்டில் மாட்டிக்கொள்ளலாம். கம்பத்தையும் அடித்தளத்தையும் மாற்ற வேண்டுமானால், குளத்தை வற்றவைத்து, கரையை உடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.